ஒட்டிப்போன யன்னலும் ஓர் இளநீல அறையும்

1. நிறம் முடிவான காலை

அந்த அறைக்கு என்ன நிறம் என்று முடிவான காலையில் அங்கே இருந்தவர்கள் நால்வர். வீட்டுக்கார றீற்றா அக்கா, அவரின் தங்கை மெலனி, என்னோடு வேலை செய்யும் டிலக்சன், நான். இல்லாதவர்கள் இருவர். ஒருவர் மெலனியின் கணவர் நிசாந்தன். கத்தாரில் வேலை, அதனால் போன் திரையில் மட்டும் இருந்தார். மற்றவர் இன்னும் பிறக்கவில்லை. அறை அவருக்காகத்தான்.

நான் பெயின்ரிங் கோர்ஸ் படித்த பயிற்சி நிலையத்தில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு உன் அனுபவம் ஒன்றை எழுதித் தா என்று கேட்டார்கள். நன்றாக முடிந்த வேலை ஒன்றைப் பற்றித்தான் எழுத இருந்தேன். அதை வாசித்து உங்களுக்கு என்ன பயன்? பயந்து நடுங்கிய வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். அப்பா கடலுக்குப் போகிறவர். தன் பெயரைப் படம் வரைவதுபோல மெதுவாக வரைவார், அதுதான் அவர் கையெழுத்து. அதனால் நிற மாதிரிகள் ஒட்டிய கலர் காட்டை விரித்து வைத்துக்கொண்டு நான் விளக்கம் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. எங்கள் ஊர் வங்காலையில் என்னை 'படிச்ச பெயின்ரர்' என்பார்கள். கேலியும் அதில் உண்டு, மதிப்பும் உண்டு.

அறை வீட்டின் மேற்குப் பக்கம். மேலே சீற்றுக் கூரை, பின்னேரம் அடுப்புப் போலக் கொதிக்கும். பழைய சுவர் மங்கல் மஞ்சள். நிசாந்தன் அனுப்பிய படத்தில் இருந்தது இளநீலம். பால் கலந்த, குளிர்ந்த நீலம். படத்து யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடந்தது.

"இதென்ன தம்பி, சுவருக்கே அடிக்கப்போறீர், மீன் ஐஸ்பெட்டிக்கே?" என்று றீற்றா அக்கா கேட்டார்.

"மாதாவின்ர நிறம் அக்கா, வேண்டாம் எண்டு சொல்லாதேங்கோ" என்று மெலனி சிரித்தார். வயிறு நிறைந்த எட்டாம் மாதம். கதிரையில் சாய்ந்து இருந்தார்.

போனில் இருந்து நிசாந்தன், "அருள் தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். சொல்லுங்கோ, இந்தக் கலர் சரி வருமோ?" என்றார்.

நான் சொன்னேன். இது குளிர் நிறம், கண்ணுக்குச் சூடு தெரியாது, சுவர் பின்னுக்குப் போனதுபோல இருக்கும், சின்ன அறை பெரிதாகத் தெரியும். நான் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. சுவரைப் பற்றி எல்லாம் சொன்னேன். அந்தச் சுவர்களுக்கு நடுவே ஒரு ஆள் படுத்தால் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

2. வேலை

கடற்கரை வீட்டுச் சுவரை நம்பி உடனே பிறஷ் தொடக்கூடாது. சாந்தில் உப்பு இருக்கும், அடியிலிருந்து பூத்து வரும். கம்பிப் பிறஷ்ஷால் சுரண்டினோம், நல்ல தண்ணீரில் கழுவினோம், பத்து நாள் காய விட்டோம். பிறகுதான் அடிப்பூச்சான பிறைமர். வெளிர் நிறத்தில் ஒரு சின்னக் கறையும் தப்பாது என்பதால் பள்ளங்களை அடைக்கும் பில்லர் வைத்து இரண்டு முறை தேய்த்தோம். இளநீலம் மூன்று கோட்.

முதல் கோட்டுக்கு முன் ஒரு சதுர அடி அடித்து, காலையில், மத்தியானத்தில், லைற் போட்டு என மூன்று வெளிச்சத்திலும் பார்த்தேன். படித்ததை ஒழுங்காகச் செய்தேன். பழைய மஞ்சள் பல்பின் கீழ் நீலம் பச்சையாக அழுக்குப் பிடித்தது. பல்பை மாற்றச் சொன்னேன். றீற்றா அக்கா வெள்ளை எல்ஈடி வாங்கிப் போட்டார். அதோடு அறை பளீரென்று ஆனது. கடையில் ஐஸ்பெட்டி மூடியைத் திறந்ததுபோல முகத்தில் ஒரு குளிர்ச்சி.

டிலக்சன் சுவரோரம் நின்று செல்பி எடுத்தான். அவன் கறுவல். வெயிலில் வேலை செய்து இன்னும் கறுத்தவன்.

"மச்சான், இஞ்ச பார். நான் எப்பிடி வெள்ளையா வந்திருக்கிறன்! இந்தப் படத்தைத்தான் பொம்பிளை வீட்டுக்கு அனுப்போணும்."

"அனுப்பு. அப்ப கலியாணத்தையும் இந்த அறைக்குள்ளயே வைக்கோணும்" என்றேன்.

சிரித்தோம். இன்று அந்தப் படத்தைப் பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை. என்ன நடக்கப்போகிறது என்று அந்தப் படம் அன்றைக்கே சொல்லியிருந்தது. படித்தவனுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

கடைசி வேலை யன்னலுக்கு எனாமல். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அடித்து முடித்தோம். கச்சான் காற்று திடீரென்று எழும்பி, மணலை அள்ளி ஈரப் பெயின்றில் கொட்டத் தொடங்கியது. யன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தினேன். காயாத எனாமலைச் சாத்தினால் கதவு சட்டத்தோடு ஒட்டிவிடும். இது கோர்ஸில் முதல் மாதப் பாடம். நாளைக் காலை வந்து பிளேட்டால் வெட்டித் திறக்கலாம் என்று நினைத்தேன்.

அன்று இரவே மெலனிக்குப் பிரசவ நோக் கண்டது. பிள்ளை மூன்று கிழமை முந்தி, புதன் விடியப் பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை.

3. நாளைக்கு

வெள்ளிக்கிழமை தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விட்டார்கள். அந்த நேரம் நான் இலுப்பைக்கடவையில் இன்னொரு வேலையைத் தொடங்கியிருந்தேன்.

மெலனி போன் எடுத்தார். "தம்பி, யன்னல் திறக்குதில்லை. அறை ஒரே மூட்டமாக் கிடக்கு. ஒருக்கா வந்து பாக்கிறீங்களே?"

"நாளைக்கு வாறன் அக்கா."

சனிக்கிழமையும் எடுத்தார். "நாளைக்கு" என்றேன். ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு, அந்தத் தெருவால் திரும்பி வந்தவன், உள்ளே போகவில்லை. கையில் பிளேட் இல்லை என்பது நான் எனக்குச் சொன்ன காரணம்.

றீற்றா அக்காவுக்கோ யன்னல் ஒட்டிக் கிடந்தது வசதி. அவர்கள் வீட்டில், பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் முடியும்வரை பிள்ளையை அறை வாசல் தாண்டிக் கொண்டுவருவதில்லை. காற்றுப் படக்கூடாது. வெளி ஆள் பார்வை படக்கூடாது. பார்க்க வந்த பெண்கள் மட்டும் உள்ளே போய், அந்த வெள்ளை லைற்றில் பிள்ளையைப் பார்த்து, "நல்ல நிறமான பிள்ளை! தேப்பனைப்போல கறுவல் இல்லை" என்று சொல்லிப் போனார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். பிள்ளை நிறம் என்று வீட்டில் சந்தோசம்.

4. யன்னல் திறந்தபோது

திங்கட்கிழமை காலை பத்து மணிபோல் நானும் டிலக்சனும் அவனின் ஓட்டோவில் போனோம். ஆண்கள் அறைக்குள் போக முடியாது. வெளியே வளவுப் பக்கம் நின்று, புதுப் பிளேட்டால் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெதுவாக வெட்டினேன். உள்ளே மெலனி கட்டிலில் இருந்தார், மடியில் பிள்ளை. யன்னல் விரிந்ததும் பகல் வெளிச்சம் நேரே கட்டிலில் விழுந்தது.

வெள்ளைத் துணி. அதில் பிள்ளையின் கன்னமும் நெற்றியும் மார்பும். நான் நிறத்தோடு வேலை செய்கிறவன். வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்தாலும் என் கண்ணுக்குத் தெரியும். இது ஒரு சொட்டு இல்லை. மஞ்சள் தண்ணீரில் தோய்த்து எடுத்ததுபோல இருந்தது அந்த உடம்பு.

பிளேட்டைச் சட்டத்தில் வைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன்.

"காத்து வருகுது தம்பி! சாத்தும், சாத்தும்!" உள்ளேயிருந்து றீற்றா அக்கா கத்தினார்.

நான் சாத்தினேன்.

இதை எழுதத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது. கண்ட பிறகும் சாத்தினேன். வாய் திறக்கப் பயம். பச்சைப் பிள்ளையைப் பார்த்து வெளி ஆள் ஒருவன், அதுவும் ஒரு ஆண், ஏதாவது சொன்னால் கண்ணூறு என்பார்கள். நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் என் வாய்தான் காரணம் என்பார்கள். கிணற்றடிக்குப் போய், கழுவத் தேவையில்லாத கையைக் கழுவினேன்.

கிணற்றடியில்தான் எனக்கு மீன் தறப்பாள் நினைவு வந்தது. எங்கள் கரையில் மீனை நீலப் பிளாஸ்ரிக் விரிப்பான தறப்பாளில் பரப்பி வைப்பார்கள். நீலத்தில் கிடந்தால் நேற்றைய மீனும் பளபளக்கும். அதனால் எங்கள் ஆட்கள் ஒருவரும் தறப்பாளில் கிடக்கும் மீனைப் பார்த்து விலை பேசுவதில்லை. கையில் தூக்கி, வெயில் பக்கம் திருப்பி, செவுள் பார்த்துத்தான் பேச்சு. நடக்கத் தொடங்கிய நாளில் இருந்து அப்பா அப்படிச் செய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நிறத்தைப் பற்றிச் சேர்ட்டிபிக்கற் எடுத்தவன். நான் அந்த வீட்டில் ஒரு அறையையே தறப்பாள் ஆக்கி, வெயிலையும் ஒட்டி வைத்துவிட்டேன்.

"மச்சான், உனக்கு முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?" என்று டிலக்சன் கேட்டான்.

"பிள்ளை மஞ்சள்ரா."

"வாயைப் பொத்து. அக்கா கேட்டா எங்களைப் பிறஷ்ஷோட சேத்துக் கிணத்துக்க போடுவா."

"யன்னல் திறக்கேக்க கண்டனான். மஞ்சள்."

அவன் யன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, "அப்ப போய்ச் சொல்லு. நான் ஓட்டோவத் திருப்பி வைக்கிறன்" என்றான்.

5. வாசற்படி

றீற்றா அக்கா முன்விறாந்தையில் நின்றார். கிட்டப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளைய ஒருக்கா வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து பாருங்கோ. எனக்கு மஞ்சளாத் தெரிஞ்சது."

அவர் முகம் மாறியது. "என்ன கதை கதைக்கிறீர்? ஊரே வந்து பாத்திட்டுப் போகுது, நிறமான பிள்ளை எண்டு. நீர் யன்னலால எட்டிப் பாத்திட்டு வந்து மஞ்சள் எண்டு சொல்லுறீர்?"

"அறை நீலம் அக்கா. லைற்றும் வெள்ளை. அதுக்க மஞ்சள் தெரியாது. என்ர பிழை அது."

"சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறவன் டொக்டரா வந்திட்டான்! உம்மட கூலி எல்லாம் தந்தாச்சு. வெளிக்கிடும்."

நான் நகரவில்லை. துணிவால் இல்லை, கால் வரவில்லை. அப்போது அறைக்குள் இருந்து மெலனியின் குரல் வந்தது. தாழ்ந்த குரல்.

"அக்கா... இவன் நேத்தில இருந்து பால் குடிக்கிறான் இல்லை. எழுப்பினாலும் நித்திரைதான். நல்ல பிள்ளை, அழுகிறேல்ல எண்டு நீங்கள் சொன்னீங்கள். எனக்குப் பயமாக் கிடக்கு."

"முப்பத்தொண்டு கழியாமல் வாசல் தாண்டாத, மெலனி! சொல்லிப்போட்டன்!"

மெலனி எழும்பினார். துணியோடு பிள்ளையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, அறை வாசலையும் விறாந்தையையும் தாண்டி, முற்றத்து வெயிலில் வந்து நின்றார். வெறுங்கால். ஒரு விரலால் பிள்ளையின் கண்ணிமையை மெல்லத் தூக்கினார்.

கண் வெள்ளையும் மஞ்சள்.

றீற்றா அக்கா "யேசுவே" என்றார். 

6. பாலம்

ஓட்டோவில் இருந்த பெயின்ற் வாளிகளையும் ஏணியையும் வீட்டு வாசலில் தூக்கி எறிந்தோம். பெண்கள் இருவரும் பின்னால், நான் டிலக்சனோடு முன்னால் ஒட்டிக்கொண்டு. தள்ளாடிச் சந்தி தாண்டி மன்னார்ப் பாலத்தில் ஏறியதும் காற்று ஓட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளியது. இரண்டு பக்கமும் தண்ணீர். றீற்றா அக்கா செபமாலை சொன்னார். நடுவே நிறுத்தி, "மூச்சு இருக்கே? பார், இருக்கே?" என்று கேட்டார். "இருக்கு அக்கா" என்றார் மெலனி. கொஞ்சத் தூரத்தில் மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை மெலனியிடமிருந்து பதில் வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கப் பயம். பிறகு, "இருக்கு" என்ற குரல் வந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருக்க வைக்கவில்லை. பிள்ளையைக் கண்டதும் தாதி கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தார். அவர் ஓடியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. அப்படி ஒரு விரைந்த, அமைதியான நடை. இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் வெளியே வந்து மெலனியிடம் சொன்னார்:

"மஞ்சள் காமாலை கூடிப் போச்சு. லைற்றுக்குக் கீழ வைக்கிறம். நாளைக்குக் குறையாட்டி யாழ்ப்பாணம் அனுப்பி இரத்தம் மாத்தவேண்டி வரும். இன்னும் கூடினா மூளைக்கும் காதுக்கும் போகும். அவ்வளவுக்கு விட ஏலாது."

கண்ணாடிக்கு அப்பால் பிள்ளையைப் படுக்க வைத்தார்கள். கண்ணுக்குக் கட்டு. மேலே லைற் எரிந்தது. மஞ்சளைக் குறைக்கும் அந்த லைற்றும் நீலம்.

றீற்றா அக்கா என்னைப் பார்த்தார். "இஞ்சயும் நீலமே?" என்றார். அதில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

செய்தி கேட்டு உடனே புறப்பட்ட நிசாந்தன், விமான நிலையத்தில் இருந்து போன் எடுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் கேட்டது ஒன்றுதான்: "அருள் தம்பி, நான்தானே அந்தப் படத்தை அனுப்பினனான்?" அவர் அந்தப் பழியைத் தன்மேல் எடுத்துக்கொள்வது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகத்துக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன். "இல்லை அண்ணா, யன்னலை ஒட்ட வைச்சது நான்" என்று நாலாவது முறைதான் சொன்னேன்.

7. ஊர்க் கதை

செவ்வாய் மத்தியானம் மஞ்சள் குறையத் தொடங்கியது. யாழ்ப்பாணம் போகத் தேவைப்படவில்லை. நாலு நாள் லைற்றுக்குக் கீழ் வைத்திருந்தார்கள்.

அதற்குள் கரையில் கதை வேறாகிவிட்டது. பெயின்ற் மணம் பிள்ளையின் ஈரலில் அடித்துவிட்டது என்றார்கள். மலிவுப் பெயின்றில் நஞ்சு கலந்தேன் என்றார்கள். இலுப்பைக்கடவை வீட்டுக்காரர், "கொஞ்ச நாள் பொறுத்து வாரும் தம்பி" என்றார். அப்பா கரையில் இருந்து வந்து வலையைப் போட்டுவிட்டு, "பொலிசுக்குக் குடுப்பினமோ?" என்று மட்டும் கேட்டார். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வேலியால் எட்டிப் பார்ப்பேன்.

பிள்ளையை வீட்டுக்கு விடும் நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். றீற்றா அக்கா தாதியிடம் நான் நிற்கும்போதே கேட்டார்: "மிஸ், பெயின்ற்றாலதானே பிள்ளைக்கு இது வந்தது?"

"பெயின்ற் மஞ்சளைக் குடுக்காது அம்மா. முந்திப் பிறந்த பிள்ளையளுக்கு வாறதுதான். பெயின்ற் மறைச்சது. நீல அறையில பாத்தா எங்களுக்கும் பிழைக்கும். அதுதான் பகல் வெளிச்சத்தில பாக்கச் சொல்லுறது."

"அப்ப இந்தத் தம்பியில பிழை இல்லையே?"

"முதல் கண்டது ஆர்?"

றீற்றா அக்கா என் பக்கம் கையைக் காட்டினார்.

தாதி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்தத் தலையசைப்பு எனக்குச் சேரவேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். யன்னலைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனதை அப்போதும் நான் சொல்லவில்லை. மெலனிக்கு மட்டும் தெரியும். சாத்தும்போது அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயம் அதோடு முடியவில்லை. காது கேட்கிறதா என்று கிளினிக்கில் பார்க்கும்வரை அந்த வீட்டில் எல்லோரும் பிள்ளையின் பின்னால் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். றீற்றா அக்கா தகரப் பேணி தட்டுவார். டிலக்சன் ஓட்டோ ஹோர்ன் அடிப்பான். பிள்ளை திரும்பினால் எல்லோர் முகத்திலும் உயிர் வரும், திரும்பாவிட்டால் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். கடைசியில் கிளினிக்கில் இரண்டு காதும் சரி என்று எழுதித் தந்தார்கள். அந்தக் கடதாசியை மெலனி போனில் படம் எடுத்து எனக்கும் அனுப்பினார், ஒரு சொல்லும் எழுதாமல்.

8. மறுபடி அடித்தது

அறையைத் திரும்ப அடிக்கக் கேட்டார்கள். கூலி வாங்கவில்லை, பெயின்றும் என் செலவு. நீலம் வெளியே தெரியாமல் இரண்டு கோட் மங்கல் வெள்ளை. யன்னலுக்கு எனாமல் அடித்து, கதவுகளுக்கு நடுவே குச்சி வைத்து, காயும்வரை பக்கத்திலேயே குந்தி இருந்தேன்.

இளநீலம் கெட்ட நிறம் என்று நான் சொல்ல வரவில்லை. விறாந்தைக்கும் முன்னறைக்கும் இப்போதும் அடிக்கிறேன், அழகாக இருக்கிறது. ஆனால் தம்பி தங்கச்சிமாரே, மாதிரிக்கு ஒரு சதுர அடி அடித்தவுடன் சுவரை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் உள்ளங்கையை அதற்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். அந்த அறையில் படுக்கப்போவது யார் என்று கேளுங்கள். பச்சைப் பிள்ளையோ நோயாளியோ என்றால் குளிர் நீலத்தை வேறு அறைக்கு மாற்றுங்கள், வீட்டுக்காரர் கோபித்தாலும். காயாத யன்னலைச் சாத்தாதீர்கள். 'நாளைக்கு' என்று சொல்லாதீர்கள். கண்டதைக் கண்டவுடன் சொல்லுங்கள்.

வேலை முடிந்த பின்னேரம் றீற்றா அக்கா தேத்தண்ணி தந்தார். பிள்ளை முற்றத்துப் பாயில் வெயிலுக்குக் கவிழ்ந்து கிடந்தான், தகப்பனைப் போலவே கறுவல். அதில் அவருக்கு இப்போது பெரிய சந்தோசம். நான் கேட்காமலே செலவைச் சொன்னார், என்னைக் குத்தவில்லை, தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பதுபோல. ஆஸ்பத்திரிக்கு ஒரு சதமும் இல்லை. நிசாந்தன் அவசரமாக வாங்கிய விமான ரிக்கற், அவர் வந்து நின்றதால் வெட்டிய ஒரு மாதச் சம்பளம், மாதா கோயில் நேர்த்தி. அந்த யன்னலைத் திறக்க நான் கொண்டுபோன பிளேட்டின் விலை நாற்பது ரூபா. அதை மூன்று நாள் பிந்திக் கொண்டுபோனதற்கு அந்த வீட்டுக்குச் செலவாய் முடிந்தது மூன்று இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபா.